கல்விக்கூடங்களின் ஊர்க்கடன்

கல்வி தங்கும் ஊர் தானே உயரும் என்னும் நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியது. பள்ளியும் கல்லூரியும் பெருகுமிடத்தில் அறிவு பெருகும் என்றும், அறிவு பெருகுமிடத்தில் ஒழுங்கும் செல்வமும் பின்தொடர்ந்து வரும் என்றும் எண்ணியே, நகரங்களின் விளிம்பில் கிடந்த தரிசுகளையும் வயல்களையும் ஏரிக்கரைகளையும் கல்வி நிறுவனங்கள் எழுவதற்கு மனமுவந்து விட்டுக்கொடுத்து வந்திருக்கிறோம். அந்நம்பிக்கை பாதியே மெய். கற்றோர் பலர் வாழ்வதனால் மட்டும் ஓர் ஊர் மேம்பட்டுவிடுவதில்லை. அவர்தம் கல்வி அவ்வூரின் குடிநீரிலும் வடிகாலிலும் கணக்கேட்டிலும் ஆட்சிமன்றத்திலும் புலப்படும்போதே அது மேம்படுகிறது. அவ்வாறு புலப்படாத இடத்தில், உயர்ந்த மதிலுக்கு உள்ளே ஓர் உலகும் வெளியே மற்றோர் உலகுமாக இரண்டு ஊர்கள் ஒரே பெயரைச் சுமந்து நிற்கின்றன.

ஒரு நிறுவனம் எந்த மண்ணில் நிலைகொண்டு, எந்நீரைப் பருகி, எச்சாலை வழியே தன் மாணாக்கரை வரவழைத்து வளர்கிறதோ, அந்த ஊரின் நலத்தில் அதற்குப் பங்கும் பொறுப்பும் உண்டு என்பது அறத்தின் எளிய விதி. அவ்வண்ணமே, ஊரும் தன்னிடம் வந்து கற்கும் இளையோரை வாடகை தரும் கூட்டமாக மட்டும் காணாமல், தன் குடிமக்களாக ஏற்று அவர்தம் நலனுக்கும் குரலுக்கும் இடமளிக்கக் கடமைப்பட்டது. இவ்விரு கடமைகளில் ஒன்று தவறினாலும் மற்றொன்று வலுவிழக்கும். இன்று தாம்பரத்தில் இரண்டுமே எழுதப்படாமலும் கேட்கப்படாமலும் கிடப்பதையே இத்தலையங்கம் கவலையோடு சுட்ட விழைகிறது.

இந்நெறி இம்மண்ணுக்குப் புதியதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, கோயிலுக்குரிய நிவந்தத்திலேயே கல்விச்சாலைக்கும், மாணாக்கர் தங்கும் விடுதிக்கும், 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலைக்கும் பொருள் ஒதுக்கி, ஆசிரியர்க்கும் மருத்துவர்க்கும் உரியவை இவையென வரையறுத்து வைத்தது. கல்வியும் மருத்துவமும் வழிபாடும் ஒரே கணக்கில், ஒரே கல்லில், ஊரார் கண்முன் நின்றன. அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், முதலாம் பராந்தகன் ஆட்சியில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளோ, ஊரை 30 குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை வழியே வாரியத்தாரைத் தெரிந்தெடுத்ததையும், ஏரிக்கென்றே தனி வாரியம் வைத்ததையும், கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கத் தடை விதித்ததையும் தெளிவுற உரைக்கின்றன. அச்சபையில் அமரும் தகுதி நிலமும் மறைக்கல்வியும் உடைய சிலர்க்கே உரியதாயிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அக்குறுகிய எல்லையைத் தகர்த்ததே நம் காலக் குடியாட்சியின் பெருமை. ஆயினும், ஏரியைக் காப்பது ஊராட்சியின் முதற்கடமை என்பதையும், கணக்குக் காட்டாதவன் பொறுப்புக்கு உரியவன் அல்லன் என்பதையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிய நிலப்பகுதியில், இன்று அவ்விரண்டையும் நாம் புதிதாக வாதிட வேண்டியிருப்பது எண்ணத்தக்கது.

தாம்பரமும் அதனோடு இணைந்த பல்லாவரமும் வெறும் புறநகர்கள் அல்ல. இந்தியாவின் பழைய கற்காலத்தை ஆய்வுலகுக்கு முதன்முதல் அறிவித்த கற்கருவியை இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ஆம் ஆண்டில் கண்டெடுத்தது பல்லாவரத்தில். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் தமிழாசிரியப் பணியிலிருந்து நீங்கி 1911இல் மறைமலையடிகள் வந்து குடியேறியதும், 1916இல் தனித்தமிழ் இயக்கம் முளைவிட்டதும் அப்பல்லாவரத்திலேயே. 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளர்க்கென மருத்துவமனையைத் தாம்பரத்தில் நிறுவினார். 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அடிகள் நீங்கிய அதே கல்லூரி, தன் நூற்றாண்டு நிறைவில், நெரிசல் மிகுந்த ஜார்ஜ் டவுனை விட்டு 1937இல் தாம்பரத்தின் 360 ஏக்கருக்கும் மேற்பட்ட புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்சும் அவர்தம் துணைவியார் ஆலிசும் பல்லாண்டுகள் நட்டு வளர்த்த மரங்கள், இன்றும் அவ்வட்டாரத்துக்கு நிழலும் ஈரமும் தருகின்றன.

1949இல் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தை எழுப்பிய சி. இராஜம், தமக்குரிய மாளிகையை விற்று அப்பணத்தைக் கல்விக்கு ஈந்தவர். சங்க நூல்களைச் சந்தி பிரித்து எளிய விலையில் பதிப்பித்து எளியோர் கைக்கும் எட்டச் செய்தவரும் அவரே. ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றது அந்நிறுவனத்தில். ஆக, தாம்பரத்தின் கல்வி வரலாறு வணிகத்தில் தொடங்கியதன்று; ஈகையிலும் மரம் நடுதலிலும் நோயாளர் பராமரிப்பிலும் தொடங்கியது. இத்தொடக்கத்தை நினைவூட்டுவது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. பின்னர் வந்தோரை எவ்வளவைக் கொண்டு அளப்பது என்னும் கேள்விக்கு இவ்வூரின் முன்னோரே விடையளித்துச் சென்றிருக்கிறார்கள் என்பதற்காகவே.

பின்வந்த வளர்ச்சி விரைவானது. 1984இல் ஏற்றுமதி மண்டலம் தாம்பரத்தில் இயங்கத் தொடங்கியது; அவ்வாண்டிலேயே வண்டலூரில் கிரசென்ட் பொறியியற் கல்லூரியும், அடுத்த ஆண்டில் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பொறியியற் கல்லூரியும் எழுந்தன. பின்னாளில் அவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாக விரிந்தன. 2005இல் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானட்டோரியத்தில் திறக்கப்பட்டது; 2007இல் மேலக்கோட்டையூரை இருப்பிடமாகக் கொண்ட இந்தியத் தகவல்தொழில்நுட்ப வடிவமைப்பு நிறுவனமும், 2010இல் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் வேலூர் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை வளாகமும் சேர்ந்தன. பல்லாவரத்திலும் சேலையூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் எழுந்த கல்லூரிகள் பல. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வரும் மாணாக்கர், ஆசிரியர், பணியாளர் என ஒரு பெருந்திரள் தாம்பரம் வழிச்செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் குடியேறியது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் திறக்கப்பட்ட பேருந்து முனையம் அத்திரளின் அளவை அனைவர்க்கும் உணர்த்தியது.

இவ்வளர்ச்சியைத் தாங்க வேண்டிய ஆட்சி அமைப்போ காலந்தாழ்ந்தே வந்தது. 2021 நவம்பரில்தான் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றிணைந்து மாநகராட்சி ஆயின. அவ்விணைப்பின்போதும், கல்விக்கூடங்கள் மிகச்செறிந்த தென்பகுதி எல்லைக்கு வெளியே நின்றது. வண்டலூரும் முடிச்சூரும் ஊராட்சிகளாகவும், கூடுவாஞ்சேரியும் மறைமலைநகரும் தனித்தனி நகராட்சிகளாகவும் விடப்பட்டன. ஒரே சாலை, ஒரே தொடர்வண்டித் தடம், ஒரே ஆற்றுப்படுகை. ஆனால் திட்டமிடுவோர் பலர், பொறுப்பேற்போர் எவரும் இலர் என்னும் நிலை அன்றே விதைக்கப்பட்டது.

ஆட்சியின் தாழ்ச்சி எல்லையோடு முடியவில்லை. நகராட்சி மன்றங்களின் காலம் ஐந்தாண்டு என்றும், அது முடியும் முன்பே தேர்தல் நிறைவுற வேண்டும் என்றும் அரசியலமைப்பின் 243-யு பிரிவு ஐயத்துக்கு இடமின்றி விதிக்கிறது. ஆயினும், 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல், பழங்குடியினர் ஒதுக்கீடு முதலியன பற்றிய வழக்கில் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டபின், தமிழகத்தின் நகர்ப்புறங்கள் 2022 பிப்ரவரி வரை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றித் தனி அலுவலர் ஆட்சியிலேயே இருந்தன. புறநகர் மிக விரைந்து வளர்ந்த ஐந்தாண்டுகளில், எக்கட்டடத்துக்கு இசைவளிப்பது, எக்கால்வாயை முதலில் தூர்வாருவது என்பன பற்றிக் கேள்வி கேட்க ஒரு வட்ட உறுப்பினர்கூட இல்லை. 2022இல் 70 வட்டங்களுக்குத் தேர்தல் நடந்து, பட்டியலினப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட மேயர் பொறுப்பை இளம் பட்டதாரியான வசந்தகுமாரி கமலக்கண்ணன் ஏற்றார். அம்மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் நிறைவெய்துகிறது. வரையறைப் பணி, ஒதுக்கீட்டுப் பணி, எல்லை விரிவாக்கம் என எக்காரணம் கூறியும் மீண்டும் ஓர் இடைவெளி நேர்வதை இவ்விதழ் ஏற்காது. அக்காரணங்கள் அனைத்தும் முன்கூட்டியே அறியத்தக்கவை, ஆதலின் முன்கூட்டியே தீர்க்கத்தக்கவை.

இனி, இந்நகரின் பொருளியலை நோக்குவோம். கல்லூரி வாயிலைச் சுற்றி எழும் பொருளியல் கண்ணுக்குச் செழிப்பாகத் தோன்றுவது. வாடகை வீடுகள், தனியார் விடுதிகள், உணவுச்சாலைகள், நகலகங்கள், தானி ஓட்டுநர்கள், தையற்கடைகள் எனப் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. ஆனால் அச்செழிப்பின் ஊற்று எங்கோ ஒரு சிற்றூரில் தந்தை அடகுவைத்த நகையும், தாய் பெயரில் எடுத்த கல்விக்கடனும் ஆகும் என்பதை மறத்தலாகாது. அவ்வூற்றைச் சுரண்டும் வழக்கங்கள் இங்கே இயல்பாகிவிட்டன. வைப்புத்தொகை, வேறுடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகையை மிகலாகாது என்று 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் கூறியிருந்தும், பத்து மாத முன்பணம் கேட்கும் பழக்கம் மாயவில்லை. பெண்கள் தங்கும் விடுதிகள் பதிவு பெற்றே இயங்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தும், எவ்விடுதி பதிவு பெற்றது, எது பெறாதது என்பதை வாயிலில் நிற்கும் மாணவி அறிய எளிய வழியில்லை.

ஒற்றைத் தூணில் நிற்கும் பொருளியல் எத்தகைய இடருக்கு உரியது என்பதை அண்மைக் காலம் இருமுறை காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் வளாகங்கள் மூடப்பட்டபோது, விடுதிகளும் உணவுச்சாலைகளும் ஓரிரு திங்களில் வெறிச்சோடின. 2021இல் மறைமலைநகரில் இருந்த ஃபோர்டு ஆலை இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, நேரடித் தொழிலாளர் மட்டுமன்றி உதிரிப்பாகச் சிற்றாலைகளும் கலங்கின. கல்வி நிறுவனமும் இத்தகைய சரிவுக்கு அப்பாற்பட்டதன்று. 1929இல் தோன்றி, தன் பெயரிலேயே ஒரு நகரியத்தை வளர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், நிதி நெருக்கடியில் சிக்கி 2013இல் அரசின் நேரடிப் பொறுப்பின்கீழ் கொண்டுவரப்பட்டதும், அதன் பணியாளர் பல்லாயிரவர் பின்னர்ப் பிற கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் பிரித்து அனுப்பப்பட்டதும் நாம் கண்ட வரலாறு. மாணாக்கர் சேர்க்கையின் ஏற்ற இறக்கத்தோடு ஊரின் வாழ்வும் ஏறி இறங்காதிருக்க வேண்டுமாயின், ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் அறிவு இவ்வூரிலேயே தொழிலாக வேரூன்ற வேண்டும். பட்டம் பெற்ற நாளிலேயே இளைஞர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேற்றூர் செல்லும் நிலை மாற வேண்டும்.

எனினும், நிறுவனத்துக்கும் ஊருக்கும் இடையிலுள்ள பிளவு மிகத் துலக்கமாகப் புலப்படுவது நீரிலேதான். சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலத்துக்கும், கீழ்க்கட்டளைக்கும், நாராயணபுரத்துக்கும் வழிந்து, இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேர்வது இயற்கையும் முன்னோரும் வகுத்த நெறி. அச்சதுப்புநிலம் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலகின் மதிப்பைப் பெற்றது. அதற்கு நீரூட்டும் ஏரிகளோ கழிவுநீர் தேங்கும் குட்டைகளாகச் சுருங்கின. பல்லாவரம் பெரிய ஏரி சாலையால் இருகூறாக்கப்பட்டு, நெடுங்காலம் குப்பைமேடாகவும் பயன்பட்டது. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியபோது, அடையாற்றின் கரைகளில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை அங்கு வாழ்ந்தோர் எந்நாளும் மறவார். மழையின் அளவு எவர் கையிலும் இல்லை. ஆற்றின் வழியில் மனைப்பிரிவு போட்டதும், வரத்துக்கால்வாயை மூடியதும் மனிதர் கைகளே.

2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு மருத்துவமனைகளை அடைந்து, சிலர் உயிரிழந்தபோது, குடிநீரே காரணமா என்பது அரசியல் வாதமாயிற்று. ஒருசாரார் குற்றஞ்சாட்டினர், மறுசாரார் மறுத்தனர், துயருற்றோர் இருசாராரையும் பார்த்து நின்றனர். வேதியியலும் நுண்ணுயிரியலும் பொதுநல மருத்துவமும் கற்பிக்கும் கூடங்கள் இத்துணை செறிந்த ஒரு வட்டாரத்தில், வட்டந்தோறும் குழாய்நீரை ஆய்ந்து, முடிவுகளைத் திங்கள்தோறும் மக்கள் அறிய வெளியிடும் நடுநிலையான ஏற்பாடு ஒன்று நிலைபெற்றிருந்தால், அவ்வாதத்துக்கே இடமிராது. அதற்கும் மேலாக, உயிர்கள் காக்கப்பட்டிருக்கவும் கூடும். அறிவு கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் பயன்படாமற் போவது, அறிவின்மையினும் பெரிய குறை என்று நாம் கருதுகிறோம்.

முயன்றால் முடியும் என்பதற்கும் இதே ஏரித்தொடர் சான்று பகர்கிறது. சிட்லபாக்கத்தில் ஊரார் தாமே ஏரியில் இறங்கிக் குப்பை அகற்றியும், ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தொடர்ந்து குரலெழுப்பியும் போராடியதன் பின்னரே, 2019இல் ஏரிச் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. செம்பாக்கம் ஏரியை மீட்கும் பணியில் சூழலமைப்புகளோடு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை அறிஞரும் துணைநின்றனர். நகரின் வேறொரு மூலையிலிருந்து அவ்வறிஞர்கள் வந்து உதவ முடிந்த பணியை, ஏரியின் அக்கம்பக்கத்திலேயே வாழும் கல்வி நிறுவனங்கள் தம் அன்றாடக் கடமையாக ஏற்பதில் என்ன தடை இருத்தல் கூடும்?

தடையென்று சொல்லப்படுபவை இரண்டு. அவற்றை நேர்மையோடு எடைபோட வேண்டும். கல்வி அறப்பணி, அதன்மேல் சுமை ஏற்றினால் அது மாணாக்கர் கட்டணத்திலேயே வந்து விடியும் என்பது முதலாவது. இவ்வாதத்தில் ஞாயம் இல்லாமலில்லை. கல்வி நிறுவனக் கட்டடங்களுக்குச் சொத்துவரி உண்டா, எவற்றுக்கு விலக்கு என்பது தமிழகத்தில் நெடுங்கால வழக்குப்பொருளாகவே இருந்துவருகிறது. ஆனால் வரி வேறு, பயன்பெற்ற பணிக்கான கட்டணம் வேறு. மாநிலத்தின் வரிக்கு உட்படாத ஒன்றிய அரசின் உடைமைகள்கூட உள்ளாட்சிப் பணிகளுக்குப் பணிக்கட்டணம் செலுத்த வேண்டும் என்பதும், எல்லாப் பணிகளையும் நுகர்ந்தால் சொத்துவரியில் 75 விழுக்காடு, சிலவற்றை நுகர்ந்தால் 50, எவற்றையும் நுகராவிடினும் மூன்றில் ஒரு பங்கு என்பதும் ராஜ்கோட் மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றத்தின் முன் உறுதிப்பட்ட முறை. தொடர்வண்டித் துறையும் வான்படையும் பரந்த நிலம் கொண்டிருக்கும் தாம்பரத்துக்கு இது ஏட்டுச் செய்தியன்று. நாட்டின் பாதுகாப்புக்கென நிற்கும் அமைப்புக்கே பொருந்தும் நெறி, கட்டணம் பெற்றுக் கல்வி வழங்கும் நிறுவனத்துக்குப் பொருந்தாது என்று வாதிடுவது அரிது.

பிறநாட்டு வழக்கமும் ஈண்டு ஒளி தருவதே. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், வரிவிலக்குப் பெற்ற பெரிய கல்வி, மருத்துவ நிறுவனங்கள் தாம் செலுத்தியிருக்க வேண்டிய வரியில் நாலில் ஒரு பங்கை மனமுவந்து தரவேண்டுமெனக் கேட்கிறது. அதில் பாதியைப் பணமாக அன்றி, ஊர்மக்களுக்கான பணியாகவும் ஈடுசெய்ய இசைகிறது. யேல் பல்கலைக்கழகம் தான் குடிகொண்ட நியூ ஹேவன் நகருக்கு ஆறு ஆண்டுகளில் 13.5 கோடி டாலர் வழங்க 2021இல் உடன்பட்டது. இவை நிறைவான ஏற்பாடுகள் அல்ல. பேரம் பேசியும் போராடியும் பெற்றவை. ஆயினும் ஓர் உண்மை அவற்றால் விளங்குகிறது: ஊரும் பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் அமர்ந்து, தொகையையும் காலத்தையும் எழுதிக் கையொப்பமிட முடியும்.

மாநகராட்சியிடம் பணம் தந்தால் அது உரிய வழியில் செலவாகும் என்பதற்கு என்ன உறுதி என்பது இரண்டாம் தடை. இவ்வையத்தைக் குறைகூற இயலாது. பல பகுதிகளில் பாதாளச் சாக்கடைப் பணி ஆண்டுக்கணக்கில் முடிவுறாமலிருக்க, தோண்டிய சாலையும் மூடாத பள்ளமும் கண்டு சலித்த மக்களும் இதே கேள்வியைக் கேட்கின்றனர். எனவே, நிறுவனங்களிடம் பங்கு கேட்கும் மாநகராட்சி, முதலில் தன் கணக்கை மக்கள்முன் வைக்க வேண்டும். உத்தரமேரூரின் விதி இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

ஊருக்கும் கல்விக்கூடத்துக்கும் உள்ள உறவு முறிந்தால் விளைவது யாது என்பதற்கு வரலாறு கடுமையான சான்று வைத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 1355 பிப்ரவரியில் மதுக்கடை ஒன்றில் எழுந்த சிறு பூசல், ஊராருக்கும் மாணாக்கர்க்கும் இடையே மூன்று நாள் குருதிப்போராக வளர்ந்து, அறுபதுக்கும் மேற்பட்ட மாணாக்கர் மாண்டனர். அதன்பின் அந்நகரத் தலைவர் ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்தின்முன் கழுவாய் செய்யும் வழக்கம் 1825 வரை நீடித்தது; முழு இணக்கம் 1955இல்தான் சடங்கு வடிவில் அறிவிக்கப்பட்டது. தாம்பரத்தில் அத்தகைய பகை இல்லை, இருத்தலும் ஆகாது. ஆனால் வேற்று மாநில மாணாக்கரை ஐயத்தோடு நோக்கும் பார்வையும், ஊர்மக்களை அயலாராகவே கருதும் வளாக மனப்பான்மையும் தலைகாட்டாமல் இல்லை. அறிமுகமின்மை ஐயமாகவும், ஐயம் பகையாகவும் முதிர நெடுங்காலம் வேண்டுவதில்லை.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. முதலாவதாக, மாநகராட்சியும், அதனை ஒட்டிய நகராட்சி, ஊராட்சி அமைப்புகளும், இவ்வட்டாரத்தின் கல்வி நிறுவனங்களும் கூடி, எழுத்து வடிவில் ஒரு பொது உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். எந்நிறுவனம் எவ்வளவு நீர் எடுக்கிறது, கழிவுநீரை எவ்வாறு தூய்மைசெய்கிறது, எவ்வளவு குப்பையைத் தன் வளாகத்திலேயே கையாள்கிறது, எத்துணை மாணாக்கர்க்கு இருப்பிடம் தருகிறது, பணிக்கட்டணமாகவோ பணியாகவோ ஊருக்கு என்ன ஈகிறது என்பன அதில் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். தொழில்வரியின் உச்ச அளவு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசியலமைப்பின் 276ஆம் பிரிவில் 1988இல் வரையறுக்கப்பட்டபின் உயர்த்தப்படாமலே நிற்பதையும், பல்லாயிரம் ஊழியர் பணிபுரியும் ஊரின் வருவாய் அதனால் சுருங்குவதையும் ஒன்றிய அரசு கருத வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு கல்லூரியும் ஓர் ஏரியையோ ஒரு வடிகாலையோ சில வட்டங்களின் குடிநீரையோ தன் நிலையான ஆய்வுக்களமாக ஏற்க வேண்டும். சிற்றூர்களைத் தத்தெடுக்கும் உன்னத் பாரத் திட்டம் 2014 முதல் நடைமுறையில் உண்டு. நாட்டு நலப்பணித் திட்டமோ 1969 முதல் மாணாக்கர் ஒருவர்க்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியை எதிர்பார்க்கிறது. அம்மணிகள் மரக்கன்று நடும் ஒருநாள் விழாவிலும் பேரணியிலும் கரைந்துபோகாமல், ஆண்டுக்காண்டு தொடரும் நீராய்வாகவும் வெள்ள வரைபடமாகவும் ஏரிப் பதிவேடாகவும் திரள வேண்டும். மாணாக்கர் மூன்றாண்டில் நீங்குவர், பதிவேடு நீங்காது.

மூன்றாவதாக, வண்டலூர் முதல் மறைமலைநகர் வரையிலான வளர்ச்சியை ஒரே நீர்ப்படுகையாகவும் ஒரே போக்குவரத்துத் தடமாகவும் கருதித் திட்டமிடும் பொறுப்பை மாநில அரசு ஏற்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை முன்மொழியப்பட்ட 15.46 கி.மீ. மெட்ரோ தடம் வரின், அதன் இருமருங்கும் நிலவிலை ஏறும், அடுக்ககங்கள் பெருகும், ஏரிக்கரைகள் மீண்டும் நெருக்கப்படும். எல்லையை விரிப்பதாயின், இணையும் ஊராட்சிகளின் ஏரிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் முதலில் அளந்து, கல் நட்டு, ஆவணப்படுத்திய பின்னரே விரிக்க வேண்டும்.

நான்காவதாக, இளையோரே இவ்வூரின் அரசியலில் பங்கேற்க வேண்டும். 18 வயதில் வாக்குரிமை என்பது அரசியலமைப்பின் 61ஆம் திருத்தத்தால் நமக்குக் கிட்டியது. விடுதியில் தங்கிக் கற்கும் மாணாக்கர் தம் சொந்த ஊரிலோ கற்கும் ஊரிலோ, இரண்டில் ஓரிடத்தில் பெயர் பதிந்துகொள்ளத் தேர்தல் ஆணையத்தின் விதிகள் இசைகின்றன. நான்காண்டு வாழும் ஊரில் நீரும் சாலையும் பாதுகாப்பும் குறித்துக் கருத்துச் சொல்லும் உரிமையை அறிந்தும் கையாளாதிருப்பது நல்ல குடிமைக்கு அழகன்று. மாணவர் மன்றத் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்த ஆணையிட்டும், தேர்தல்வழி மாணவர் மன்றம் இன்றி இயங்கும் வளாகங்கள் பல. வளாகத்துக்குள் வாக்களித்துப் பழகாதவர், வெளியே வந்து குடிமைப் பொறுப்பைத் தாமே கற்றுக்கொள்வர் என்று எதிர்பார்ப்பது வீண். 2022 விதிகளின்வழி அமைந்த வட்டக் குழுக்களும் பகுதி சபைகளும் மாணாக்கர்க்கும் வாடகைக் குடியினர்க்கும் கதவு திறக்க வேண்டும். அச்சபைகள் கூடும் நாளும் எடுக்கும் முடிவும் முன்னறிவிக்கப்பட வேண்டும்.

இவை எவையும் அரிய செயல்கள் அல்ல. புதிய சட்டம் இவற்றுள் சிலவற்றுக்கே வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு வேண்டுவது மன உறுதியும் வெளிப்படையும் மட்டுமே. வளர்ச்சி தானே வந்து, தானே தன்னைச் சீர்செய்துகொள்ளும் என்று காத்திருந்த ஊர்கள் எவ்வாறு மூழ்கின என்பதை இவ்வட்டாரம் கண்முன் கண்டிருக்கிறது. 2027இல் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், ஒவ்வொரு கட்சியிடமும், இவ்வுடன்படிக்கையை ஏற்பீரா என்னும் ஒரு கேள்வியை மக்கள் எழுப்ப வேண்டும். அதே கேள்வியைப் பட்டமளிப்பு மேடைகளில் அமர்வோரிடமும் எழுப்ப வேண்டும். ஏற்பவர் எழுத்தில் ஏற்கட்டும். மறுப்பவர் காரணம் கூறி மறுக்கட்டும். எழுதிய வாக்கை ஆண்டுதோறும் எடுத்துக் கணக்குக் கேட்பது ஊரார் கடமை. அக்கடமையில் இவ்விதழும் தன் பங்கைத் தவறாது ஆற்றும்.